டொராண்டோவில் முதல் குளிர்காலம்: தனியாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ டொராண்டோவில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஊர் உடனே பிடித்துப்போகும். ராத்திரி ஏழரை, எட்டு மணி வரை வெளிச்சம். பூங்கா நிறைய ஜனம். அக்டோபரில் மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். அப்புறம் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். மறுநாள் ஐந்தரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. டிசம்பர் நடுவில் சூரியன் காலை ஏழே முக்காலுக்கு எழுந்து மாலை நாலே முக்காலுக்குள் போய்விடும். பகல் என்பது ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இல்லை. அதே நாளில் சென்னையில் பதினொரு மணி நேரத்துக்கும் மேல் பகல் இருக்கும்.

எந்த ஜாக்கெட் வாங்குவது, எந்தக் கடையில் பூட்ஸ் மலிவு என்று சொல்ல இங்கே ஆள் நிறைய உண்டு. மனசு என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஜனவரி வாக்கில் புதிதாக வந்தவர்கள் ஒரே மாதிரி பேசுவார்கள்: தூக்கம் தூக்கமாக வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. குளிரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். நான் பார்த்தவரை குளிர் மூன்றாவது காரணம். முதல் காரணம் வெளிச்சம் குறைவது, இரண்டாவது மனித முகம் குறைவது. ஊரில் இந்த இரண்டையும் யாரும் தேடிப் போவதில்லை. வெயில் வேண்டாம் என்றாலும் அடிக்கும். பால்காரரும் டீக்கடையும் எதிர்வீட்டு அத்தையும் கேட்காமலே வருவார்கள். இங்கே இரண்டையும் நாள் குறித்து, நேரம் குறித்து நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மனசு வந்தால் செய்யலாம் என்று விட்டால் மார்ச் வரை மனசு வராது.

அக்டோபரிலேயே ஆரம்பித்தால் சுலபம். ஜனவரியில் இதைப் படிக்கிறீர்களா? பரவாயில்லை, கீழே இரண்டாவதாக வரும் 'வெளிச்சம்' பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

1. முதலில் உடம்பும் அறையும்

வெளியே போகப் பயப்படுகிறவர் ஆளையும் பார்க்க மாட்டார், வெளிச்சத்தையும் பார்க்க மாட்டார். அதனால் துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் ஈரத்தைப் பிடித்துவைத்து நடுங்கவைக்கும். விரல் விரலாக இருக்கும் கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகப் போகும் மிட்டன் சூடு அதிகம் தரும். எல்லாமே புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய துணிக் கடைகளில் ஜாக்கெட் நன்றாகவே கிடைக்கும். பூட்ஸ் மட்டும் புதிது வாங்குங்கள், அடிப்பாகம் வழுக்காததாக. வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு 'விண்ட் சில்' எண்ணையும், அதாவது காற்றும் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதையும் பாருங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்துபோகலாம். அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

அறை குளிர்கிறது என்றால் போர்வைக்குள் சுருண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்மாதங்களில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது டொராண்டோ நகர விதி. பேஸ்மென்டில் இருந்தாலும், வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரராக இருந்தாலும் விதி அதேதான். முதலில் அவரிடம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்வது நல்லது. கேட்கவில்லையென்றால் நகரத்தின் உதவி எண்ணான 311க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டு அறையைச் சூடாக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

2. வெளிச்சம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் 'அதெல்லாம் சும்மா' என்று தள்ளிவிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் போய்விடும் மனச்சோர்வு ஒன்று உண்டு என்று 1984இல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் உடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் எழுதினார்கள்.  காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளை 'பொழுது விடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு, தூங்கவைக்கும் மெலடோனினைக் குறைக்கும். அந்த வெளிச்சம் தாமதமானால் உடம்பின் கடிகாரமே பின்னால் ஓடும். ராத்திரி தூக்கம் வராது, காலையில் எழ முடியாது, நாள் முழுக்கச் சோறும் இனிப்பும் கேட்கும்.

வீட்டுக்குள் இருக்கும் விளக்கு போதாதா என்றால், போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அறை விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய டிசம்பர் பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் கிடைக்கும். நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் தெரிவதில்லை. புதிதாக வருகிறவர்களில் பலர் பேஸ்மென்டில்தான் இருக்கிறார்கள். கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், அதையும் பாதி பனி மூடியிருக்கும். காலை எட்டா மாலை நாலா என்று போனைப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட அறையில் ஆன்லைன் வகுப்பும் ஆன்லைன் வேலையுமாக நாலு மாதம் இருந்தால் யாருக்கும் மனசு மங்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது இதுதான். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், விடிந்திருந்தால், வெளியே இருபது நிமிடம் நடங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கலாம். இருட்டிலேயே கிளம்ப வேண்டியவர்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே நில்லுங்கள். குடோன்களில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் பாடுதான் கஷ்டம். காலையில் வந்து படுத்து மாலை மூன்று மணிக்கு எழுந்தால் வெளிச்சம் ஒன்றரை மணி நேரமே பாக்கி. முடிந்தால் ஒரு மணிக்கு எழுந்து, குளிப்பதற்கு முன்பே ஒரு சுற்று வெளியே போய்விட்டு வாருங்கள். குளித்து, சமைத்து, போனைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றால் அஸ்தமனம் ஆகிவிடும்.

இதெல்லாம் முடியாதவர்களுக்கு வெளிச்ச சிகிச்சை விளக்கு இருக்கிறது. 10,000 லக்ஸ் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் அரை மணி நேரம், முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டு காபி குடிக்கலாம், படிக்கலாம். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது, மாலையில் போடவும் கூடாது. சர்க்கரையால் கண் பாதித்தவர்கள், வேறு கண் நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் முன் பழகிப் பார்க்க ஒரு வழி உண்டு: டொராண்டோ பொது நூலகத்தின் சில கிளைகளில் இந்த விளக்கை மேசையில் வைத்திருக்கிறார்கள். நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவின் மால்வர்ன் கிளை இதை முதலில் வைத்தவற்றில் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வைட்டமின் டி வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே சூரியன் அவ்வளவு தாழ்வாக இருப்பதால், வெயிலில் நின்றாலும் தோல் வைட்டமின் டி தயாரிப்பது அரிது. நம்முடைய மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இன்னும் கஷ்டம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடைக்கவே கிடைக்காது. எழுபது வயது வரை ஒரு நாளைக்கு 600 யூனிட், அதற்கு மேல் 800 என்பது கனடா சுகாதாரத் துறையின் பரிந்துரை. கடையில் விற்கும் பசும்பாலில் ஓரளவு சேர்த்தே விற்கிறார்கள். பால் குடிக்காதவர்கள் மாத்திரை பற்றி ஃபார்மசியில் கேளுங்கள். அங்கே கேட்பதற்குக் காசு இல்லை.

3. ஊருக்குப் பேசும் நேரம்

இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவம்பரில் இங்கே மாற்றும்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். அதுவரை பழகியிருந்த போன் நேரம் குலைந்துபோகும். அம்மா தூங்கிவிடுவார், நீங்கள் ஷிஃப்டில் இருப்பீர்கள், நாலு நாள் பேசாமலே போகும். அந்த வாரமே புது நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே மாலை ஆறு, விளக்கு வைக்கும் நேரம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மறுநாள் காலை ஏழரை. அடுப்படியில் பரபரப்பாக இருப்பார்கள், அரைகுறையாகத்தான் பேச்சு வரும். என்னைக் கேட்டால் காலை நேரமே மேல். எழுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

அதே சமயம், சாயங்காலம் முழுக்க வீடியோ காலைப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். சிலர் வேலை விட்டு வந்ததும் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நடுராத்திரி வரை ஊரிலேயே இருப்பார்கள். மதுரையில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பது தெரியும், பக்கத்து அறையில் இருப்பவர் பெயர் தெரியாது. ஒரு நாளைக்கு அரை மணி, ஞாயிற்றுக்கிழமை வேண்டிய மட்டும் பேசுங்கள். மற்ற சாயங்காலங்கள் இங்கே இருக்கிற மனிதர்களுக்கு.

4. ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம்

இங்கே நட்பு கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்து இடத்துக்கு ஒவ்வொரு தடவை போயிருப்பார்கள். ஓர் இடத்துக்குப் பத்துத் தடவை போயிருக்க மாட்டார்கள். முகம் பழகினால்தான் ஆள் பேசுவார். முதல் வாரம் தலையசைப்பு, மூன்றாவது வாரம் "இன்னைக்குக் குளிர் அதிகம் இல்ல?", அதற்கு அப்புறம் ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் "போன வாரம் காணோமே" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். அதனால் வாரத்துக்கு இரண்டு இடம் போதும், மாற்றாமல் போங்கள்.

எங்கே போவது என்றால், நூலகத்தை முதலில் சொல்வேன். டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். நகரத்தில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம். ஸ்கார்பரோ கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டம், குழந்தைகளுக்குக் கதை நேரம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். சில கிளைகளில் புதிதாக வந்தவர்களுக்கு உதவவே ஆள் உட்கார்ந்திருப்பார். சூடான அறை, பெரிய ஜன்னல், எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. காபிக் கடையில் இது கிடைக்காது.

அடுத்தது கோயில், தேவாலயம், பள்ளிவாசல், எது உங்களுடையதோ அது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். கோயில்களில் திருவெம்பாவை நடக்கும். வெளியே பனி கொட்ட, உள்ளே ஈரச் செருப்பும் பூட்ஸும் வாசல் முழுக்கக் குவிந்துகிடக்கும். சாமி கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றால் ஒருவரும் பேச மாட்டார்கள். சமையல்கட்டுக்குப் போய் "ஏதாவது வேலை இருக்கா, அக்கா?" என்று கேளுங்கள். கையில் ஒரு கத்தியும் எதிரே ஒரு மூட்டை கேரட்டும் வந்துவிடும். சங்கோஜப் பேர்வழிகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டாம், கேரட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் உணவு வங்கிகளில் இதே வேலையைக் கேட்டு வாங்கலாம்.

ஜனவரியில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள்; 2016இல் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. பொங்கலை ஒட்டி மாதம் முழுக்கப் பள்ளிகளிலும் அரங்குகளிலும் நிகழ்ச்சி இருக்கும். மேடைப் பேச்சு நீளும், அது தெரிந்ததுதான். கடைசியில் சாப்பாட்டு வரிசையில் நில்லுங்கள், அங்கேதான் அறிமுகம் நடக்கும்.

தமிழ் வட்டத்துக்கு வெளியேயும் ஒரு காலை வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சியின் சமூக நிலையங்களில் நீச்சல், பேட்மின்டன், யோகா எல்லாம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டமும் நகரத்திடம் இருக்கிறது, விண்ணப்பம் போட வேண்டும். நகரமன்றத்தின் முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் பனிச்சறுக்குக்கு அனுமதி இலவசம், ஷூ மட்டும் வாடகை. விழுந்து எழும் பெரியவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, பாதிப் பேர் விழுந்துகொண்டுதான் இருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது ஆலன் கார்டன்ஸ். டவுன்டவுனில் ஜார்விஸ் தெருவை ஒட்டிய பூங்காவில் 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகையும் அதை ஒட்டிய பசுமைக்குடில்களும் இருக்கின்றன. அனுமதி இலவசம். பிப்ரவரியில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கண் தெரியாது. துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் ஈரமண் வாசனை வந்துவிடும். மழை விட்ட தோப்புக்குள் நுழைந்தது போல இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கேட்பார் இல்லை. மராமத்துக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடுவார்கள், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. அடுப்பு

பகிர்ந்து இருக்கும் வீடுகளில் மூன்று பேர் மூன்று நேரத்தில் வந்து, மூன்று டப்பாவை மைக்ரோவேவில் வைத்து, மூன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இதை உடைக்க ஒரே வழி, வாரத்தில் ஒரு நாள் ஒருவர் சமைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் போதும். மிளகு தட்டிப் போட்டு ரசம் நுரை கட்டி வரும்போது அடுப்புக்கு மேலே இருக்கும் ஜன்னல் வெண்மையாக மூடிக்கொள்ளும், வாசனை மாடிப்படி ஏறும், கூப்பிடாமலே ஒரு கதவு திறக்கும். உடன் இருப்பவர் பஞ்சாபியோ நைஜீரியரோ என்றால் காரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அடுத்த வாரம் அவர் முறை.

சமைக்கத் தெரியாது, நேரம் இல்லை என்றால் ஸ்கார்பரோவில் இருக்கும் இலங்கைத் தமிழர் டேக் அவுட் கடைகள் கைகொடுக்கும். இடியப்பமும் சொதியும் சம்பலும் வாங்கிவந்து நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்குப் பெரிய செலவு வராது.

சில சின்னச் சின்ன விஷயங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும், வாய் அகன்ற பாத்திரத்தில் மாற்றி வையுங்கள். ஹீட்டிங் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோய் உதடு வெடிக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ராத்திரி குளித்தவுடன் எண்ணெயோ கிரீமோ பூசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் ஆசை வந்தால் ஸ்மோக் அலாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

6. பிப்ரவரிக்கு முன்கூட்டியே திட்டம்

டிசம்பரில் ஊரே விளக்குப் போட்டிருக்கும், விடுமுறை இருக்கும், முதல் பனியைப் படமெடுத்து அனுப்பும் உற்சாகம் இருக்கும். ஜனவரியில் 'ப்ளூ மண்டே' என்று ஒரு திங்கட்கிழமையைக் காட்டி, வருஷத்திலேயே சோகமான நாள் இதுதான் என்பார்கள். அது 2005இல் பிரிட்டனில் ஒரு பயண நிறுவனம் விளம்பரத்துக்காகக் கிளப்பிவிட்ட கதை, நம்ப வேண்டாம். உண்மையில் அலுப்பு தட்டுவது பிப்ரவரியில்தான். பனி அழுக்காகிச் சாம்பல் நிறத்தில் கிடக்கும், விழாவும் இல்லை. அதனால் கைவசம் இருக்கும் நல்ல திட்டங்களைப் பிப்ரவரிக்கு ஒதுக்கிவையுங்கள். அந்த மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நம் ஒன்டாரியோ மாகாணத்தில் குடும்ப தினம், பெரும்பாலோருக்கு விடுமுறை. குடும்பம் ஊரில் இருப்பவர்களை அன்றைக்கு உங்கள் அறைக்குக் கூப்பிடுங்கள். பிப்ரவரி நடுவில் அஸ்தமனம் ஐந்தே முக்காலுக்குப் போயிருக்கும் என்பதையும் கவனியுங்கள். நாளுக்கு நாள் இரண்டு மூன்று நிமிடம் கூடிக்கொண்டே வரும்.

7. இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால்

தொடர்ந்து இரண்டு வாரம் மனசு கனத்தே இருக்கிறது, பிடித்த விஷயமும் பிடிக்கவில்லை, பத்து மணி நேரம் தூங்கியும் எழ முடியவில்லை அல்லது தூக்கமே இல்லை, வகுப்பும் வேலையும் தவறுகிறது என்றால் இது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இதற்கு நன்றாகவே வேலை செய்கின்றன. நிரந்தரவாசிகளுக்கு ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டையிலேயே குடும்ப டாக்டரைப் பார்க்கலாம். அவர் மூலம் இலவசப் பேச்சு சிகிச்சைத் திட்டத்துக்கும் போக முடியும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரி காப்பீடும் வளாகத்திலேயே நல நிலையமும் உண்டு. கட்டணத்தோடு காசு கட்டியிருக்கிறீர்கள், பயன்படுத்துங்கள். 'குட்டுடாக்' (Good2Talk) என்ற மாணவர் உதவி எண்ணும் இருக்கிறது. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்றே தெரியவில்லை என்றால் 211க்கு போன் செய்யுங்கள். 150க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். "தமிழ்" என்று மட்டும் சொன்னால் போதும். உயிரை விடும் எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 988க்கு போன் செய்யுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். நாடு முழுக்க 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள்.

ஊரில் வீட்டாரிடம் சொன்னால் பதறுவார்கள் என்று பலர் மறைக்கிறார்கள். டாக்டரிடம் போய்விட்டு வந்து சொல்லுங்கள், "பார்த்துட்டேன், மாத்திரை கொடுத்திருக்காங்க" என்றால் பாதிப் பதற்றம் அடங்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஆங்கிலம் வராமல் போகும். "ஐ ஆம் ஓகே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்களும் உண்டு. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், சாப்பாடு எப்படி, எத்தனை நாள் லீவு போட்டீர்கள் என்பதையெல்லாம் முந்தின நாளே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் கேட்டு வையுங்கள்.